ஏழாவது தாள்

பிழை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் நான். மென்பொருள் சோதனை செய்வது வேலை. என் வாழ்க்கையின் பெரிய பிழையை மட்டும் நானே வரிசை எண் போட்டு, டிக் அடித்துச் செய்தேன்.

அப்பா கொத்தனார். மயிலம் பக்கம் சாரத்தில் நின்றபோது நெஞ்சு வலித்ததால், திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டு நாள் இருந்தார். குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறிய பிறகும் யாரும் வரவில்லை. என்ன நோய் என்று கேட்டால், "டாக்டர் சொல்லுவாரு" என்றார்கள். டாக்டர் சொல்லவில்லை. அனுப்பும்போது ஒன்பது தாள்களைக் கையில் கொடுத்தார்கள்.

"எனக்கு இன்னான்னு ஒருத்தரும் சொல்லலம்மா. இந்த பேப்பருங்கள போன்ல படம் புடிச்சி வெச்சிக்கோ."

"போன் தொலைஞ்சா? லேமினேஷன் பண்ணிடலாம்ப்பா. நூறு வருஷம் இருக்கும்."

(நூறு வருஷம்! அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு.)

பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருந்த கடையில் கொடுத்தேன். முதல் தாள் ரத்தப் பரிசோதனை, இரண்டாவது சிறுநீர், ஏழாவது ஈசிஜி என்று போனில் பட்டியல் தயாராக இருந்தது. கடைக்காரர் தாள்களைச் சுருட்டி நீட்டினார். "மேடம், இதுல ஒண்ணு பாத்தீங்கன்னா..." என்று இழுத்தார். விழுப்புரம் பஸ் நகரத் தொடங்கியிருந்தது.

"எண்ணிட்டேங்க. ஒம்பது. கரெக்டா இருக்கு!" என்று கத்திவிட்டு ஓடினேன்.

நான்கு மாதம் கழித்து மறுபடியும் வலி. இந்த முறை விழுப்புரம். புது ஈசிஜியைப் பார்த்த டாக்டர், "பழசு இருக்காம்மா? இந்த மாற்றம் அப்பவே இருந்ததா, இப்ப வந்ததான்னு தெரிஞ்சா நல்லது" என்றார்.

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவள்போல் கோப்பைத் திறந்தேன். "ஏழாவது தாள் சார்." பார்க்காமலே உருவி நீட்டினேன்.

டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். முன்பக்கம் முழுக்கக் கருப்பு. பளபளப்பான, சுருக்கமில்லாத, நூறு வருஷக் கருப்பு.

"இது சூடு பட்டா கறுத்துப்போற தாளும்மா. லேமினேஷன் மெஷின்ல விட்டீங்களா? என்ன படிச்சிருக்கீங்க?"

"இன்ஜினியரிங்" என்றேன், கேட்காத குரலில்.

கட்டிலில் இருந்த அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே, "என் நெஞ்சு அவ்ளோ கருப்பா டாக்டர்?" என்றார். அந்த அறையில் சிரித்தது அவர் ஒருவர்தான்.

அம்மாவை அப்பாவிடம் விட்டுவிட்டுத் திண்டிவனம் ஓடினேன். மருத்துவமனையில் கேஸ் ஷீட் இருக்குமே, அதில் ஒரு பிரதி இருக்குமே.

"ரிஜிஸ்டர்ல பேரு இருக்குதுங்க. ஷீட்டுதான் இல்ல" என்றார் மேசையில் இருந்தவர்.

"எங்க போச்சு?"

"இருந்தவரு வேலைய வுட்டுப் போய்ட்டாரும்மா. எங்க வெச்சாரோ. உங்களாண்ட குடுத்தது இருக்குமே?"

கருப்புத் தாளை எடுத்துக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "வேற நல்ல காப்பி இல்லீங்களா?" என்றார். அவர்கள் தொலைத்ததைக் கேட்கப் போனவள், நான் கெடுத்ததைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

விழுப்புரத்தில் அதற்குள் அந்த மாற்றம் புதிதாக வந்ததாகவே வைத்துச் சிகிச்சையைத் தொடங்கியிருந்தார்கள். அப்பா பதினோரு நாள் இருந்தார். தினமும் நான் உள்ளே போனதும், "ஏழாவது பத்திரமா?" என்று கேட்பார். பன்னிரண்டாம் நாள் கேட்க அவர் இல்லை.

பழைய தாள் நன்றாக இருந்திருந்தால்? டாக்டரிடம் கேட்டேன்.

"தெரியலம்மா" என்றார் மெதுவாக. "அதைத் தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."

காரியத்துக்குப் படம் வைக்க அம்மா, அண்ணன், நான் மூவரும் ஸ்டுடியோவுக்குப் போனோம். அப்பாவின் படத்தை நீட்டி, "லேமினேஷன் போட்டுக் குடுக்கட்டுங்களா? ரொம்ப வருஷம் தாங்கும்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"வேணாம்!" மூன்று பேரும் ஒரே நேரத்தில் அலறினோம். மனிதர் படத்தைக் கீழே போட்டுவிட்டார். முதலில் சிரித்தது அம்மா. சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்குவது நிற்கவில்லை.

இன்றும் வீட்டில் நான் எதை எடுத்து வைத்தாலும், மளிகைச் சாமானாக இருந்தாலும், அண்ணன் குரல் வரும்: "எண்ணாதடி. பாரு."