செக்கு நாட்டுக்கு ஒரு தோல் ஜாக்கெட்

வலது கை நுழைந்துவிட்டது. இடது கைதான் முழங்கையோடு நின்றுபோய், உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் வீரமலையின் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது.

குழாயடியிலிருந்து குடத்தோடு வந்த பவுனம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"வந்துட்டியா? அந்தக் கையைப் பிடிச்சு இழு," என்றான் வீரமலை.

அவள் குடத்தை இறக்கவில்லை.

"எதுக்கு அதைப் போட்டுக்கிட்டு நிக்கறீங்க?"

"போட்டுப் பாக்க வேண்டாமா? கமர் ஜஹான் அக்காவோட தம்பி இப்பத்தான் சைக்கிள்ல கொண்டாந்து குடுத்துட்டுப் போறாரு. இழுடி."

"மெதுவா. தையல் விட்டுடப் போகுது."

"இங்க என் கை போகுது, உனக்குத் தையல் பெருசா இருக்கா? அளவெல்லாம் சரியாத்தானே குடுத்தே?"

"சரியாத்தான் குடுத்தேன்." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "உங்களுக்கு இது சேராதுங்க," என்றாள்.

"எனக்குச் சேராம வேற யாருக்குடி சேரும்?"

பவுனம்மாள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குடத்தை, தளும்பிவிடக் கூடாது என்பதுபோல மெல்ல இறக்கி வைத்தாள். ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, இரண்டு கையாலும் அந்தத் தோல் கையைப் பிடித்து இழுத்தாள்.

பிரிந்து போகப் போகிறோமே என்ற துக்கம், என்று நினைத்துக்கொண்டான் வீரமலை.

துக்கம் வராமல் இருக்குமா? வையம்பட்டிப் பக்கத்தில் கடலை போட்டுக்கொண்டிருந்த குடும்பத்தில் பிறந்தவன், திருவெறும்பூர்த் தொழிற்சாலையில் வெல்டர் ஆனதே ஊருக்குப் பெரிய செய்தி. இப்போது கப்பலேறி ஒரு வருடப் பயிற்சிக்குப் போகிறான். செக்கோஸ்லோவாகியா. அந்தப் பெயரை நாக்கு சுளுக்காமல் சொல்ல அவனுக்குப் பதினைந்து நாள் ஆயிற்று. பவுனம்மாள் முதல் நாளே 'செக்கு நாடு' என்று முடித்துவிட்டாள்.

ஆறு பேர் போகலாம் என்று உத்தரவு. பட்டியலில் வீரமலை ஆறாவது. ஏழாவது பெயர் தைரியராஜ். பயிற்சி அதிகாரி அற்புதசாமி ஓர் அறிவிப்பும் ஒட்டியிருந்தார். ஒவ்வொருவரும் தோல் ஜாக்கெட் தைத்துக்கொள்ள வேண்டும். கழுத்துப் பட்டையும், இடுப்பளவு நீளமும், முன்னால் ஏழு பித்தளைப் பொத்தானுமாகப் பழைய காலத்து விமானக்காரர்கள் போட்ட மாதிரி. ஆளுக்கு ஒரு படமும் கொடுத்தார்கள். ஜாக்கெட் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். இடுக்கில் காற்று நுழைந்தால் சளி. சளி பிடித்த ஆளை அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போட்டுக்கொண்டு வந்து காட்ட வேண்டும். பெரிய குறை இருந்தால் பட்டியலில் அடுத்த ஆள்.

அந்த மாதம் முழுக்க வீரமலைக்கு இரண்டு ஷிப்ட் வேலை. படத்தைப் பவுனம்மாளிடம் கொடுத்து, "பாலக்கரைக்குப் போய், கமர் ஜஹான் அக்காகிட்ட ஜாக்கெட்டுக்கு அளவு குடுத்துட்டு வந்துடு," என்று சொல்லிவிட்டு ஓடினான். கமர் ஜஹான் துணியும் தைப்பாள், தோலும் தைப்பாள். அவள் தம்பி செம்பட்டில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்ததால் நல்ல வெள்ளாட்டுத் தோலாகக் கிடைக்கும்.

அன்றிலிருந்து பவுனம்மாளின் நடையே மாறிவிட்டது. அடுப்படியில் பாட்டுக் கேட்டது. கேள்வி மேல் கேள்வி. "கப்பல்ல வாந்தி வருமாங்க?" "அங்க அரிசி கிடைக்குமா?" "பனி விழுந்தா எப்படிங்க நடக்கறது?" புருஷன் வெளிநாடு போகிற பெருமை அவளுக்கு என்று வீரமலை எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். தெரியாததற்கும் சொன்னான்.

இன்றைக்குத்தான் பாட்டு நின்றுவிட்டது.

இடது கை வெளியே வந்துவிட்டது. ஜாக்கெட்டைப் பாயில் விரித்துப் போட்டு இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"விடமாட்டேன்," என்றான் வீரமலை.

பக்கத்து வீட்டு லூர்து யுத்தத்தின்போது பர்மாவில் ராணுவ லாரி ஓட்டியவர். தோல், துப்பாக்கி, மலேரியா மூன்றைப் பற்றியும் அவருக்குத் தெரியாதது கிடையாது. வந்தார், ஜாக்கெட்டை மோந்து பார்த்தார்.

"புதுத் தோலு. முறைப்பு இருக்கத்தான் செய்யும். வெளக்கெண்ணெய் இருக்கா?"

அரைப் படி விளக்கெண்ணெய் போயிற்று. இரண்டு கையும் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. ஆனால் முன்பக்கம் கூடவில்லை. நடுவில் நாலு விரற்கடை இடைவெளி. மார்பில் மட்டும் இடமும் வலமுமாக இரண்டு இடத்தில் தோல் உப்பிக்கொண்டு சும்மா நின்றது.

"இங்க மட்டும் ஏன் அண்ணே இவ்வளவு தாராளமா விட்டிருக்கு?"

லூர்து அந்த இடத்தை விரலால் தட்டிப் பார்த்தார். "இதுதாம்ப்பா சூட்சுமம். உடம்புச் சூட்டைப் பிடிச்சு வெக்க ரெண்டு பக்கமும் காத்து நிக்கறதுக்கு எடம் விடுவாங்க. வெளிநாட்டு வேலைப்பாடு."

"படத்துல இப்படி இல்லையே?"

"படத்துல காத்து தெரியுமா?"

அடுப்படியில் பவுனம்மாளுக்குப் புரையேறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை லூர்து அடுத்த வழியைச் சொன்னார். "ஊறப்போட்டு ஈரத்தோட மாட்டிக்கணும். உடம்பிலேயே காயணும். அப்பத்தான் தோலு உன் உடம்பைப் படிச்சுக்கும்."

வாளியில் ஊறிய ஜாக்கெட் வாழைப்பட்டை மாதிரி தொளதொளவென்று நெகிழ்ந்தது. வீரமலை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டான். லூர்து ஒரு பக்கமும் பவுனம்மாள் ஒரு பக்கமும் இழுத்து ஏழு பொத்தானையும் போட்டுவிட்டார்கள்.

"சேந்துருச்சு! சேராதுன்னியே, பாத்தியா?"

பவுனம்மாள் கடைசிப் பொத்தானை மட்டும் விரலால் ஒருமுறை தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

சித்திரை வெயிலில், வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லின்மேல் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தான். விளக்கெண்ணெய் உருகி இடுப்பில் வழிந்தது. எங்கிருந்தோ ஒரு வெள்ளாடு வந்தது. அவன் கையை முகர்ந்தது. பிறகு தலையை நிமிர்த்தி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. அவனும் பார்த்தான். இரண்டு பேருக்கும் பேச எதுவும் இல்லை. ஆடுதான் முதலில் போயிற்று.

காயக் காயத் தோல் இறுகியது. மூன்று மணிக்கு எழுந்து பொத்தானைக் கழற்றப் போனான். முடியவில்லை, துளைகள் பொத்தானைக் கவ்விக்கொண்டிருந்தன. லூர்து முயன்று நகத்தைப் பெயர்த்துக்கொண்டார்.

"படிச்சுக்கிச்சு," என்றார் விரலை வாயில் வைத்தபடி. "ஆனா ரொம்பப் படிச்சுக்கிச்சு."

"வெட்டிடலாமா?" என்றாள் பவுனம்மாள். கேட்கும்போதே அவள் முகம் சுருங்கியது.

"நாளைக்குப் பத்து மணி வரைக்கும் யாரும் இதுமேல கத்தரி வெக்கக் கூடாது. நான் இதுக்குள்ளேயே இருந்துக்கறேன்."

கைகள் மடங்கவில்லை. வயல் பொம்மை மாதிரி விரித்தபடி உட்கார்ந்தவனுக்குப் பவுனம்மாள்தான் சோறு பிசைந்து ஊட்டினாள்.

"அங்க எனக்கு யாரு ஊட்டுவா?" என்றான், அவளைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று.

"கழட்டிட்டுப் போங்க. கை தானா மடங்கும்." அடுத்த உருண்டையை உருட்டினாள். "அங்க பொம்பளைங்களுக்கும் குளிருமா?"

"இது என்னடி கேள்வி? குளிரு எல்லாருக்கும் ஒண்ணுதானே."

"அதானே," என்றாள் பவுனம்மாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆறு பேரும் வரிசையாக நின்றார்கள். ஏழாவது ஆளான தைரியராஜ், தன்னுடைய ஜாக்கெட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, சும்மா வேடிக்கை பார்க்க வந்தவன்போல ஓரமாக நின்றான்.

அற்புதசாமி ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒருவன் கழுத்தில் மூன்று விரல் நுழைந்தது. "காத்து வரும்." இன்னொருவன் இடுப்பில் உள்ளங்கையே போயிற்று. "பனியே வரும்." எல்லாருக்கும் சின்னதாகத் திருத்தம் சொல்லி எழுதினார். வீரமலையிடம் வந்து சுண்டு விரலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. அவனை ஒருமுறை சுற்றி வந்தார்.

"இதான்யா ஃபிட்டு! எல்லாரும் பாத்துக்கங்க. ஈ நுழையுமா இதுல?" மார்பில் உப்பி நின்ற இடத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். "இது என்ன?"

"காத்து நிக்கறதுக்குங்க சார். சூடு பிடிக்கும்."

"அட! இதை யாரும் எனக்குச் சொல்லலியே." எழுதிக்கொண்டார். "சூடா இருக்கா?"

"இருக்குங்க சார்," என்றான் வீரமலை. மூக்கு நுனியிலிருந்து வியர்வை அவர் காகிதத்தில் சொட்டியது. அதன் பக்கத்திலேயே அவர் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தைரியராஜ் ஜாக்கெட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

அடுத்த அறையில் டாக்டர் பராசரன். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். நெற்றியில் திருமண் கலையாமல் இருந்தது.

"ஜாக்கெட்டைக் கழட்டுப்பா. நெஞ்சைப் பாக்கணும்."

"கழட்ட வராதுங்க. படிஞ்சு போச்சுங்க."

டாக்டர் அவனைப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பைத் தோலின்மேலேயே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார்.

"ரங்கா, ரங்கா," என்றார் கண்ணைத் திறந்து. "ஆட்டோட நெஞ்சுதான் கேக்கறது. அது நின்னு மாசக்கணக்காச்சு. நாலு மணிக்குள்ள உன்னோடதைக் கொண்டு வந்து காட்டு. இல்லேன்னா அடுத்தவனுக்கு எழுதிடுவேன்."

வெளியே தைரியராஜ் முகமெல்லாம் பரிவாக ஓடிவந்தான். "என்கிட்ட கத்தி இருக்கு வீரமலை. நான் வேணா..."

"நீ தள்ளி நில்லு!"

வீரமலை விரித்த கையோடு வீட்டுக்கு ஓடினான். ஜாக்கெட்டுக்குத்தான் கையெழுத்து வாங்கியாகிவிட்டதே. இனி கமர் ஜஹான் பக்குவமாகப் பிரித்து விட்டால், பிறகு சேர்த்துத் தைத்துக்கொள்ளலாம். பவுனம்மாள் பஸ்ஸுக்குச் சில்லறையை அவன் விரலிடுக்கில் செருகினாள்.

"நீயும் வர்றியா?"

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "எங்க?"

"பாலக்கரைக்குத்தான். வேற எங்க?"

"நீங்களே போயிட்டு வாங்க."

பாலக்கரை வழியாகச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ்ஸில் அவன் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "டிக்கெட் ரெண்டாண்ணே?" என்றார் கண்டக்டர். "ஒண்ணுதான்யா!" என்று கத்தினான். கத்தியதில் மிச்சமிருந்த மூச்சும் போயிற்று.

கமர் ஜஹான் மெஷினை விட்டு எழுந்து வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"யா அல்லா! இதுக்குள்ள எப்படித் தம்பி நுழைஞ்சே?"

"முதல்ல... பிரிங்கக்கா... அப்புறம் சொல்றேன்."

அவள் பெரிய கத்தரியை எடுத்தாள். இடது பக்கத் தையலில் மூன்று வெட்டு, வலது பக்கத்தில் மூன்று, முதுகில் ஒரே இழுப்பு. டப்பென்று ஒரு பொத்தான் தெறித்துப் போய்ச் சுவரில் பட்டது. இரண்டு நாளாக வெளியே காத்திருந்த காற்றெல்லாம் ஒன்றாக வீரமலையின் நெஞ்சுக்குள் புகுந்தது. அவன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். மணி இரண்டுதான். நாலு மணிக்குள் டாக்டரிடம் போய்விடலாம். கப்பலில் அவன் இடம் அவனுக்குத்தான். இனி எந்தத் தைரியராஜும் அசைக்க முடியாது.

"ஜெயிச்சுட்டேன்க்கா. ஆபீசரு கையெழுத்தே போட்டுட்டாரு. முதுகுல ஒரு துண்டு வெச்சு இதைச் சேத்துத் தைச்சுக் குடுத்துடுங்க, போதும்." வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இருந்தாலும் உங்க கைக்கு இப்படி அளவு தப்பலாமா?"

கமர் ஜஹான் கத்தரியைக் கீழே வைத்தாள். வெட்டிய தோலை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, அவனைப் பார்த்தாள்.

"அளவு எங்க தம்பி தப்புச்சு? உன் பவுனு கொண்டாந்து குடுத்த அவளோட அளவு ஜாக்கெட்டை வெச்சுத்தானே தைச்சேன். 'ஜாக்கெட்டுக்கு அளவு குடுத்துட்டு வான்னு அவரே சொல்லிட்டாருக்கா, என்னையும் கூட்டிட்டுப் போறாரு'ன்னு அன்னைக்கு அவ சிரிச்ச சிரிப்பை நீ பாத்திருக்கணும்."