எலுமிச்சம்பழ ரத்தப் பரிசோதனை

ஞாயிறு காலை, மலேசியாவின் ஜொகூரில், கெலாங் பாத்தாவில் மோட்டார் சைக்கிள் நிறுத்த இடமில்லை. கடைவரிசையின் மேல்மாடியில் லோகேஸ்வர சித்தர் ரத்தம் பார்க்கிறார். ஊசி வேண்டாம். வந்தவர் தலைக்கு மேல் எலுமிச்சம்பழம் அறுப்பார். சாறு சிவந்தால் எச்.ஐ.வி. இருக்கிறது, முந்நூறு மலேசிய வெள்ளிக்குப் பூசை. வெளுத்தால் இல்லை, ஐம்பது வெள்ளிக்குக் காப்புக் கயிறு. அதைக் கட்டினால் ஆணுறையே தேவையில்லையாம். மணிக்கட்டில் கிடக்கும் கயிறு எங்கெல்லாம் போய்க் காவல் காக்கிறது, பாருங்கள்! தினமும் எல்லை தாண்டிப் போய்ச் சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் சில்லு செய்கிற கைகளெல்லாம் பயபக்தியோடு நீண்டன.

வரிசையில் பிரவீனாவும் நின்றாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். "கிளினிக்ல ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்துருங்க" என்று ஃபேக்டரித் தோழி சந்திரமதி மூன்று வாரமாகச் சொல்கிறாள். பிரவீனாவுக்கு ஊசி என்றால் நடுக்கம். "சாமி பாத்தா போதும்லா, அக்கா."

பின்னாலேயே வந்த சந்திரமதி, அவளை முந்திக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

சித்தர் அவள் கழுத்தைப் பார்த்தார், காதைப் பார்த்தார். தங்கம் இல்லை. தட்டிலிருந்த இரண்டு கத்திகளில் வெள்ளைப் பிடிக் கத்தியால் அறுத்தார். சாறு வெள்ளை.

"சுத்த ரத்தம், தாயே. கயிறு கட்டிக்கோ."

சந்திரமதி எழுந்து கூட்டத்தைப் பார்த்தாள். ஃபேக்டரியில் யாரிடமும் சொல்லாத விஷயம்.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. பதினோரு வருஷமா. டெய்லி மருந்து சாப்பிடுறேன், நல்லா இருக்கேன். ஆனா இருக்கு."

இரண்டு அறிவாளிகள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளுமாம்.

சித்தர் அசரவில்லை. "என் பார்வை பட்டுச்சு, ஓடிப்போச்சு." கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"அப்ப உங்களுக்கும் பாத்துருவோம், சாமி." சந்திரமதி தட்டிலிருந்த சிவப்புப் பிடிக் கத்தியை எடுத்தாள். அவர் தடுப்பதற்குள் அவர் தலைக்கு மேல் ஒரு பழத்தை அறுத்தாள். சிவப்புச் சாறு விபூதியில் வழிந்தது.

"அலமாக், சாமிக்கும் இருக்கா?" என்றார் ஒருவர்.

மீதிப் பாதியை வெள்ளைப் பிடிக் கத்தியால் அறுத்தாள். வெள்ளைச் சாறு.

"ஒரே பழம், ஒரே தலை. கத்திதான் வேற. செவப்புப் பிடிக் கத்தில செம்பருத்திப் பூவைத் தேச்சுக் காய வெச்சிருக்காரு. புளிப்பு பட்டா செவக்கும். வீட்ல செஞ்சு பாத்துட்டுத்தான் வந்தேன். சாமி, உங்களுக்கு இருக்குன்னு உங்க பழமே சொன்னா சரிதானே? நாளைக்கு என்கூட கிளினிக்குக்கு வாங்க."

சித்தர் முகம் கழுவப் போனார். பின்படி வழியாக அப்படியே போய்விட்டார்.

பிரவீனா சந்திரமதியின் கையைப் பிடித்தாள். "நாளைக்கு மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வர்றேன், அக்கா. ஊசி குத்துறப்ப பக்கத்துல இருங்க."

கயிறு கட்டிய பலர் இன்னும் அவிழ்க்கவில்லை. ஐம்பது வெள்ளி கொடுத்ததாயிற்றே. மணிக்கட்டில் இருப்பது கிடக்கட்டும், ஐயா. மூளையைச் சுற்றிக் கட்டியிருக்கிறீர்களே, அதை முதலில் அவிழுங்கள்.