பீரோக் கதவில் காய்ச்சிய பாகு

சேசு மரி சூசை துணை

ஆனையூர், மதுரை
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி ஆல்பினுக்கு அண்ணி ஜாய்ஸ் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். கனடாவில் உங்கள் நலமும் ஷெரின் நலமும் அறிய ஆவல். வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். அதில் எழுதினால் குடும்பக் குரூப்பில் போட்டு, கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மையை வைப்பீர்கள். அதனால்தான்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பள்ளிக்குக் கட்டுகிற நீலச் சேலையை உதறினேன். ஒரு கை கரி கொட்டியது. பீரோவில் இருந்த சேலைக்குக் கரி எப்படி வந்தது என்றால், என் கல்யாணச் சீராக வந்த பீரோவுக்கு இப்போது ஒரு கதவுதான். இன்னொரு கதவு கொல்லையில் அடுப்பின்மேல் மல்லாந்து கிடக்கிறது. போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் மேப்பிள் பாகு கொண்டுவந்தீர்கள். தோசைக்குத் தொட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லி முடித்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் மரத்தில் வடியும் நீரை விறகடுப்பில், அகலமான தட்டில் ஊற்றி வற்றக் காய்ச்சுகிற வீடியோவையும் அண்ணனுக்குக் காட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டீர்கள். விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் இருக்கும் மனிதருக்குக் காட்டுகிற வீடியோவா அது?

"மேப்பிள் இல்லாட்டி என்ன ஜாய்ஸ், பனை இருக்குல்ல?" என்றார். பனைநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி, அது காளவாசலில் கடைக்குக் கடை கிடைக்கிறதே என்றேன். "கருப்பட்டி வேற, இது சிரப்பு. ஒனக்குச் சொன்னாப் புரியாது" என்றார். எனக்குப் புரியாததால், பழைய தார் டிரம்மை வெல்டிங் பட்டறையில் படுக்கவைத்து வெட்டி, புகைக்குழாய் பொருத்தி, ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார். தட்டு அகலமாக இருக்க வேண்டும், ஆழமாக இருக்கக் கூடாது என்று வீடு முழுக்க டேப் வைத்து அளந்தார். நான் பள்ளி விட்டு வந்தபோது பீரோக் கதவின் நாலு ஓரமும் மடக்கப்பட்டிருந்தது. பெயிண்டைச் சுரண்டிவிட்டதாகச் சொன்னார். முதல் பாகு பச்சை நிறத்தில் வந்தது.

இதுவரைக்கும் பொறுத்துக்கொண்டேன் தம்பி. அடுத்ததுதான் சுண்ணாம்பு. வாடிப்பட்டிப் பக்கம் பனை ஏறுகிற சோணையிடம், "கலயத்துல சுண்ணாம்பு தடவக் கூடாது, எனக்கு எந்தக் கலப்படமும் ஆகாது" என்று உங்கள் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சோணை இரண்டு தடவை, "நெசமாவாண்ணே?" என்று கேட்டிருக்கிறான். மூன்றாவது தடவை கேட்டால் மனிதர் மனசு மாறிவிடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டான். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கினால் பதநீர். தடவாவிட்டால் கள். இது தெரியாத ஒரே ஆள், நம் பங்குக் கோயிலின் மதுவிலக்குப் பணிக்குழுத் தலைவரான உங்கள் அண்ணன் திரு. ஆரோக்கியநாதன். அதுவும் தவக்காலத்தில்.

கேன் கேனாக வந்தது. காய்ச்சுவதற்கு முன்னால் ருசி பார்க்க வேண்டும் என்று ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "உடம்பே லேசா இருக்கு ஜாய்ஸ், இயற்கைன்னா இயற்கைதான்" என்று மாதா பாட்டு பாடினார். நாலு வருடமாக எங்களிடம் முகம் கொடுத்துப் பேசாத எதிர்வீட்டு ஆண்டிச்சாமி, "சார், வெறகு பொளந்து தரவா?" என்று வந்து நின்றார். அவருக்குப் பின்னால் தெருவே வந்தது. "மக்களுக்கு எம்புட்டு ஆர்வம் பாத்தியா!" என்று பூரித்தார் உங்கள் அண்ணன். மூன்றாம் நாள் ஆண்டிச்சாமி எங்கள் வாசற்படியிலேயே படுத்துத் தூங்கிவிட, அவர் மனைவி பாண்டிச்செல்வி போலீசுக்குப் போன் செய்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

வந்த எஸ்.ஐ. டிரம்மைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், கேனை மோந்து பார்த்தார். "ஊறல் எங்க போட்டிருக்க?"

"சார், இது சாராயம் இல்ல. மேப்பிள் மாதிரி."

"அது என்னது?"

"கனடாக் கொடியில இருக்குமே, அந்த இலை சார். அந்த மரம்."

"கொடியா மரமா? ஏதாச்சும் ஒண்ணச் சொல்லுய்யா."

அப்போதும் நான் சிரிக்கத்தான் செய்தேன். அடுத்த கேள்வி, வீடு யார் பேரில் என்று. "என் மிஸ்ஸஸ் பேர்ல சார்" என்றார் உங்கள் அண்ணன், அவ்வளவு பெருமையாக. ஸ்டேஷனுக்கு நான் போனேன். நீலச் சேலையோடு பெஞ்சில் உட்கார்ந்து, இனிமேல் என் வீட்டில் கள் காய்ச்ச மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டை என் பேரில் பதிந்த அன்று, என்மேல் இவருக்கு எவ்வளவு மரியாதை என்று நினைத்து அழுதவள் நான். அந்த அழுகையை இப்போது திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமானால் நன்றாக இருக்கும்.

வழக்கு இல்லை. ஆனால் வரும் ஜூனில் நான் தலைமையாசிரியை ஆவதாக இருந்தது உங்களுக்குத் தெரியும். தாளாளர் சிஸ்டர் கூப்பிட்டு, "பேரண்ட்ஸ் பேசுறாங்க ஜாய்ஸ். கொஞ்ச நாள் நம்ம வாடிப்பட்டி ஸ்கூல்ல வெறும் டீச்சரா இருந்துக்கோயேன்" என்றார். முடியாது என்று அழுதேன். திங்கட்கிழமை வரை யோசிக்கச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து இதை உங்கள் அண்ணனிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "பீரோவோட இன்னொரு கதவு ஒனக்கு வேணுமா?" என்றார். இரண்டாவது அடுப்புக்காம். இந்தத் தடவை சுண்ணாம்பு போடுவாராம்.

நீங்கள் சொன்னால் கேட்பார். அந்த அடுப்பைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லுங்கள். தயவுசெய்து இனி எந்த வீடியோவும் அனுப்ப வேண்டாம். ஷெரினுக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் பனி விழட்டும், கரி விழாதிருக்கட்டும் என்று ஆண்டவரை மன்றாடும்,

அண்ணி ஜாய்ஸ்

பி.கு.: மேலே கடைசிப் பத்தியில் கேட்டதை அடித்துவிடவும். அண்ணனிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவருக்கு வீடியோ அனுப்புங்கள், அதே மாதிரி விறகடுப்பில் சோறு வடிப்பது, குழம்பு வைப்பது எப்படி என்று இருந்தால் அதை முதலில் அனுப்புங்கள். வாடிப்பட்டி இங்கிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான். ஆனால் நான் அங்கேயே ஒரு வீடு பார்க்கப் போகிறேன். நான் சம்மதிக்கப் போவது சிஸ்டருக்கே இன்னும் தெரியாது. இந்தக் கடிதமும் திங்கட்கிழமை மத்தியானத்துக்கு மேல்தான் தபாலில் சேரும். இந்த வீட்டை அவரே வைத்துக்கொள்ளட்டும், பீரோவின் மிச்சக் கதவையும் சேர்த்து. கேஸ் கனெக்‌ஷனும் என் பேரில்தான் இருக்கிறது. அதை மட்டும் கொண்டுபோகிறேன்.