மூன்றரை டன்

"மூவாயிரத்து ஐந்நூத்தி அறுபது," ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துப் படித்தாள் ரெகுலா. "அறுபது கிலோ கூட."

"இன்னொரு தடவை சரியாப் பாரு," என்றார் காஸ்பர்.

"எத்தனை தடவை பாத்தாலும் அறுபதுதான்."

லுங்கர்ன் ஏரிக்கரையில், வைக்கோல் வண்டிகளை நிறுப்பதற்காக ஊரார் போட்டிருந்த எடை மேடைமேல் காஸ்பரின் வீட்டு வண்டி நின்றது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே. அவர் ஓட்டுநர் உரிமத்துக்கு மூன்றரை டன்தான் எல்லை. வழியிலுள்ள மலைக் கணவாயின் உச்சியில் போலீஸ் இன்று எடை பார்ப்பதாக எதிரே வந்த ஒருவர் எச்சரித்துவிட்டுப் போயிருந்தார்.

அபராதம்கூடப் பெரிதில்லை. மலைக்கு அந்தப் பக்கம், பிரியன்ஸ் ஏரிக்கரையில் மச்சான் ரூடி காத்திருக்கிறான். லாரி ஓட்டுகிறவன். "அந்தப் பெட்டியா? மூணரை டன்னுக்குள்ள அது உச்சியைத் தாண்டட்டும் மச்சான், நான் ஸ்டியரிங்கையே தொடமாட்டேன்," என்று குடும்பமே கேட்கச் சிரித்திருந்தான். ஸ்பூன் முதல் தலையணை வரை சமையலறைத் தராசில் நிறுத்துத்தான் காஸ்பர் புறப்பட்டிருந்தார். போலீஸ் தரும் எடைச் சீட்டை அவன் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும்.

"எப்படிக் கூடும்? மூவாயிரத்து நானூத்தி எண்பதுன்னு எழுதி வெச்சிருக்கேனே!"

"ரூடிக்குன்னு வெள்ளரிக்கா ஊறுகாய் கொஞ்சம் வெச்சேன்."

"கொஞ்சம்னா?"

"எண்பது பாட்டில்."

காஸ்பர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு முகம் மலர்ந்தது. "பரவாயில்ல. இயற்கை நமக்கு ஒரு வசதி பண்ணிக் குடுத்திருக்கு, பாரு. ஒரு லிட்டர் தண்ணி சரியா ஒரு கிலோ. அறுபது லிட்டரை விட்டா அறுபது கிலோ போச்சு!"

இறங்கி, வண்டியின் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலிருந்த குழாயைத் திறந்தார். தண்ணீர் சலசலவென்று ஓடி, வேலிக்கு அப்பால் இருந்த பீன்ஸ் பாத்தியில் பாய்ந்தது. ரப்பர் பூட்ஸோடு ஒரு பெண் ஓடிவந்தாள். பெயர் ஹெடி.

"மன்னிச்சுக்குங்கம்மா, நான்..."

"மன்னிப்பா? ரெண்டு வாரமா மழையே இல்ல, ஐயா. என் பீன்ஸைக் காப்பாத்திட்டீங்க!"

போனவள் ஒரு மூட்டை உருளைக்கிழங்கோடும் சக்கரம் போன்ற பெரிய பாலாடைக்கட்டியில் பாதியோடும் திரும்பி வந்தாள். மறுத்தால் மனம் நோகும். வாங்கிக்கொண்டார். இருபது கிலோ கூட.

மடக்கு நாற்காலிகள் இரண்டையும் இறக்கிச் சாலையோரம் வைத்துவிட்டு, பின்பக்கம் போய்ச் சைக்கிள்களைக் கழற்றினார். இரண்டும் சேர்த்து முப்பது கிலோ. நாளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி ஹெடியின் கொட்டகையில் விட்டுத் திரும்பினார். நாற்காலிகள் இருந்த இடத்தில் ஒரு பெரிய பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது. நல்ல காய், விடுவானேன் என்று ஏற்றிக்கொண்டார்.

"மூவாயிரத்து நானூத்தித் தொண்ணூத்தி ஏழு," என்று படித்தாள் ரெகுலா.

"மூணு கிலோ மிச்சம்! பாத்தியா?"

"பாத்தேன். நாற்காலி எங்க?"

"அதுவா... சாலையோரம் வெச்ச சாமானை யார் வேணா எடுத்துக்கலாம்ங்கறது நம்ம ஊர் வழக்கம்தானே. அதோ போறாங்களே, அந்த வயசான ஜோடி எடுத்துக்கிட்டாங்கபோல. பூசணி வெச்சுட்டுப் போயிருக்காங்க, பாவம், மரியாதை தெரிஞ்சவங்க."

"அது எங்கம்மா குடுத்த நாற்காலி! உன் தலையில பூசணியைப் போட!"

அவள் எழுந்து பின்னால் போனாள். கதவு டமாலென்று சாத்திக்கொண்டது. கோபம் வந்தால் படுக்கைத் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்வது ரெகுலாவின் முப்பது வருடப் பழக்கம். திரை மூடியிருந்தது. காஸ்பர் புத்திசாலித்தனமாக வாயைத் திறக்காமல் வண்டியைக் கிளப்பினார்.

ஆனால் நான்காவது வளைவுக்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை. ஏரி கீழே பச்சைக் கண்ணாடியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அந்தப் பக்கம் இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுட்டே போனா சூடாயிடும்," என்று திரையிடம் விளக்கினார். "கியரைக் குறைச்சா என்ஜினே வண்டியைப் பிடிச்சுக்கும். அருமையான ஏற்பாடு, இல்ல?"

திரை பதில் சொல்லவில்லை. பத்து வளைவு வரை கோபம் தாங்கும் என்று அவருக்குத் தெரியும்.

உச்சியில் ஓர் இளம் போலீஸ்காரி கைகாட்டித் தராசின்மேல் நிறுத்தினாள்.

"மூவாயிரத்து நானூத்தி இருபத்தேழு!"

காஸ்பருக்கு நெஞ்சு விரிந்தது. எழுபது கிலோ இன்னும் குறைவு! "டீசல் எரிஞ்சதுல ஒரு மூணு கிலோ போயிருக்கும்," என்று அவளுக்கும் விளக்கினார். "மீதி இந்த மலைக் காத்துதான். உயரத்துல எல்லாமே லேசாயிடுது, பாருங்க. சீட்டுல முத்திரையும் குத்திக் குடும்மா, மச்சானுக்குக் காட்டணும்."

காதில் போனை வைத்திருந்த அவள் முத்திரையை எடுத்தாள். பிறகு திரும்ப வைத்துவிட்டாள்.

"தாராளமா குத்தறேங்க ஐயா. கீழ எடை மேடையில ரெண்டு நாற்காலியோட ஒரு அம்மா உங்களுக்காக நிக்கறாங்களாம், அவங்களையும் ஏத்திட்டு வந்துடுங்க, இன்னொரு தடவை நிறுத்துடலாம்."