அப்பா பார்த்த பாய்ச்சல்

ஒரு காலத்தில் கண்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் உயரம் பாய்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. (தற்பெருமைதான். வயதாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) தொடர்ந்து நாலு வருடம் கிண்ணம் வாங்கினேன். ஆனால் நான் பாயாமல் நின்ற ஒரே ஒரு நாளைத்தான் என் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

முப்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதின்மூன்று வயது. அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டாள். அப்பா ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. என்னைக் கண்டியில் கன்னியாஸ்திரிகளின் போர்டிங்கில் விட்டிருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோர் வந்து பார்க்கலாம். சொல்லி வைத்தாற்போல அன்றைக்கென்று துரை அப்பாவுக்கு ஏதாவது வேலை வைத்திருப்பார். மற்றப் பிள்ளைகள் முன்கூடத்தில் வீட்டு முறுக்கைக் கடிக்கும்போது, நான் பின்புறம் துணி காயப்போடும் கொடியைத் தாண்டிக்கொண்டிருப்பேன். வேறென்ன செய்வது? அழுதால் சிஸ்டர் விளக்கெண்ணெய் கொடுப்பார். (எந்த நோய்க்கும் அவரிடம் அதுதான் மருந்து.) யாரும் வராத ஞாயிறுகள் கூடக்கூடக் கொடியையும் உயர்த்திக் கட்டினேன். நான் சாம்பியன் ஆன கதை இவ்வளவுதான்.

முதல் போட்டிக்கு வருவதாக அப்பா கடிதம் எழுதினார். சமையல்காரி வரைக்கும் அதை வாசித்துக் காட்டினேன். கிண்ணம்கூடப் பெரிதாகத் தோன்றவில்லை. நான் பாய்வதை அவர் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

அன்று காலையிலிருந்தே தூறல். பஸ் பிந்தி அப்பா வந்து சேர்ந்தபோது எனக்குக் கடைசி வாய்ப்பு மட்டுமே மிச்சம். அம்பிட்டியப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி அந்த உயரத்தை ஏற்கெனவே தாண்டியிருந்தாள். கூட்டத்தின் முன்வரிசையில் அப்பாவின் கறுப்புக் குடையைக் கண்டேன்.

"பாஞ்சிரு பாப்பா!" என்று கத்தினார். ஓடத் தொடங்கினேன்.

அந்த நேரம் பார்த்துப் பரிசு கொடுக்க வந்த பெரிய மனிதர் மைதானத்துக்குள் நுழைந்தார். வேறு யார், எங்கள் தோட்டத்துப் பெரிய துரைதான்!

தோட்டத்தில் துரை எதிர்ப்பட்டால், கொட்டுகிற மழையானாலும் குடையை மடக்கி, பாதையை விட்டிறங்கி, தலைகுனிந்து கும்பிட்டு நிற்க வேண்டும். அப்பா குடையை மடக்கினார். குனிந்தார். அதைக் கண்டதும் என் கால்களும் (என்னைக் கேட்காமலே) ஒதுங்கி நிற்கப் பார்த்தன. ஓடிவந்த வேகம் விடுமா? கும்பிட்ட கையோடு ஈரப்புல்லில் சறுக்கிப் போய், கம்பத்தையும் தடியையும் சேர்த்துக்கொண்டு மணலில் விழுந்தேன்.

மைதானமே சிரித்தது. துரை என் கும்பிடுக்குத் தலையசைத்துவிட்டுப் போய்க் கதிரையில் உட்கார்ந்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் இன்னும் நிமிரவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு கூட்டத்தின் நடுவில் அன்று நான் பட்ட தனிமையைக் கொடியடியில்கூடப் பட்டதில்லை.

போட்டி முடிந்ததும் அப்பா வாசலில் நின்றிருந்தார்.

"பாஞ்சியா பாப்பா?"

"பாஞ்சேன்ப்பா."

"ஆமா, பாத்தேனே! என்னா ஒசரம்!"

பார்த்தவர் ஏன் கேட்டார் என்று நான் கேட்கவில்லை. நனைந்த கோட்டுப் பையிலிருந்து கடலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் கையில் திணித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

பிறகு வாங்கிய நாலு கிண்ணங்களுக்கும் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் தடியைத் தாண்டி விழுந்ததும் ஒரு கறுப்புக் குடையைத் தேடுவேன். அப்பாவோ சாகும்வரை தோட்டமெங்கும் அந்த ஒரு பாய்ச்சலைத்தான் வர்ணித்தார். வருடா வருடம் தடி ஒரு சாண் உயர்ந்தது.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது காணாததைக் கண்டதாக அளந்தால், பேரப்பிள்ளைகள் ஒரே குரலில் கேட்பார்கள்: "கொள்ளுத்தாத்தா பாத்த பாய்ச்சலா?"

நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன். நான் பாய்ந்ததில் என் வீட்டு மனிதர் ஒருவர் பார்த்தது அந்த ஒன்றைத்தானே.