டோக்கன் வாத்தியார்

திருத்தணிக்கு வந்த ஜனங்களில் முருகனையே அவசரப்படுத்திய ஆள் ஒருத்தர்தான். அவரும் நம் நாட்டுக்காரர் இல்லை, போலந்துக்காரர். சம்பளமில்லாமல் இங்கிலீஷ் சொல்லித்தர வந்தவர். பாஸ்போர்ட்டில் இருந்த பெயர் என் வாயில் நுழையவில்லை. ஊர் வைத்த பெயர் டோக்கன் வாத்தியார். அந்தப் பெயருக்குக் காரணமே நான்தான்.

நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். தள்ளுவண்டியில் இட்லி விற்று, இன்றைக்கு மலையடிவாரத்தில் டிபன் கடையும் மூன்று மாடி வீடும் வைத்திருக்கிறேன். மலைக்குக் கீழேயே இருந்தும் மொட்டை போட்டதில்லை. எனக்கு வேண்டியதை நானே சம்பாதித்துக்கொண்டேன், முருகனை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்? கிருத்திகைக் கூட்டத்தைச் சமாளிக்க நான் போட்டது ஒரே சட்டம்: முதலில் டோக்கன், அப்புறம் இட்லி.

என் மாடி அறைக்குத்தான் வாத்தியார் குடிவந்தார். இடுப்புவரை செம்பட்டை முடி. அவர் தலைக்குக் குளித்தால் தெருவுக்கே தண்ணீர் வராது. தமிழ் சொல்லிக்கொடுத்தவனும் நானே. ஒரே மாதத்தில், "நைனா, நான் துண்ணுகினு கீறேன், அப்பறமா பேசு" என்றார். பக்கத்து மேஜைக்காரருக்குப் புரையேறியது.

கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. வகுப்பில் இங்கிலீஷ் தவிர வேறெதுவும் பேசக்கூடாது என்றார். பிள்ளைகள் சொன்னபடி கேட்டு, வாயையே மூடிக்கொண்டார்கள். நாலு மாதம்! ஆடினார், பாடினார், தவளை மாதிரி குதித்தார். கைதட்டினார்கள்; பேசவில்லை. அவரை அனுப்பிய சங்கத்திலிருந்து திங்கட்கிழமை பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. பிள்ளைகள் பேசாவிட்டால் அவரை வேறு நாட்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

"எனக்கு இந்த ஊர்தான் வோணும் நைனா." கண் கலங்கியிருந்தது.

"பசங்க பேசினா மொட்டை போடறேன்னு முருகர்கிட்ட வேண்டிக்கப்பா" என்றேன்.

ஞாயிறு காலை கடைக்குள் உரித்த வெங்காயம் ஒன்று சந்தனம் பூசிக்கொண்டு நுழைந்தது. இந்த ஊரில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதைப் பார்க்க ஆட்டோக்கள் நின்றன.

"யோவ், இன்னாய்யா இது! வேண்டினது நடந்தப்பறம்தான்யா மொட்டை!"

"நீ டோக்கன் இல்லாம இட்லி குடுக்கறியா? முருகர் மட்டும் குடுப்பாரா நைனா?"

நான் ஒரு டோக்கனைக் கிழித்து அவர் கையில் கொடுத்தேன்; அன்றோடு ஊருக்கு அவர் டோக்கன் வாத்தியார் ஆனார்.

திங்கட்கிழமை விருந்தாளிகளுக்கு டிபன் கொண்டுபோகிற சாக்கில் நானும் போய் ஜன்னலோரம் நின்றேன். வாத்தியார் உள்ளே நுழைந்தார். பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. அந்தத் தலையைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் இருக்க முடியுமா? கேட்டால் இங்கிலீஷில்தான் கேட்கவேண்டும். முன்பெஞ்சுப் பெண் தாங்கமாட்டாமல் எழுந்தாள்.

"சார்! வேர் இஸ் யுவர் ஹேர்?"

அவ்வளவுதான். "ஹூ கட், சார்?" "பெய்னா, சார்?" "யுவர் மதர் க்ரையிங்?" குறிப்பெடுக்க வந்த அம்மாள் எழுதிக் கைவலித்துப் பேனாவை மூடிவிட்டார். முருகன் இட்லியோடு வடையும் சேர்த்தே வைத்துவிட்டான்.

வாத்தியார் வருஷம் முழுக்க இங்கேயே இருந்தார். விசா முடிந்ததால், போன மாதம்தான் கிளம்பினார். மறுபடி வர எழுதிப் போட்டிருக்கிறாராம், கிடைப்பது சந்தேகம்தானாம்.

நேற்று காலை மலையிலிருந்து இறங்கி வந்தேன். என் தலையைப் பார்த்த மனைவிக்குக் கையிலிருந்த கரண்டி நழுவியது.

"இன்னாங்க இது? நமக்குத்தான் ஒண்ணும் நடக்கலியே!"

"மாடி ரூமைக் கூட்டி வை" என்றேன். "டோக்கன் வாங்கியாச்சு."