செம்பி கேட்ட பெஞ்சு

ஒரு காட்டில் அகலமான நடைபாதை இருந்தது. அதில் உட்கார ஓர் இடமில்லை. நிறைமாத வெள்ளாடான செம்பிக்கு ஆற்றுக்குப் போய்த் திரும்புவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். ஒருநாள் வனமன்றத் தலைவர் கரடியாரிடம் போய் நின்றாள்.

"ஐயா, இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு நடக்க முடியல. ஒரு பெஞ்சு போட்டுக் குடுங்க. பக்கத்துல ஒரு குப்பைத்தொட்டி வச்சா, குரங்கு போடுற பழத்தோல்ல வழுக்கி விழவும் மாட்டேன்."

கரடியார் உருகிவிட்டார். "போட்டாச்சுன்னே வச்சுக்க, தாயீ!"

வேலை தொடங்கியதும் கவலையும் தொடங்கியது. சும்மா பெஞ்சு போட்டால் நரி நீட்டிப் படுத்துவிடுமே! குறுக்கே கம்பிகள் வைக்கச் சொன்னார். தொட்டியைத் திறந்து வைத்தால் பன்றி மேய்ந்துவிடுமே! மூடி போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

திறப்பு விழா வந்தது. மேளம், வெடி. செம்பி முதல் ஆளாக பெஞ்சில் உட்கார்ந்தாள். வயிறு இரண்டு கம்பிகளுக்கு நடுவே போனது. திரும்பி வரவில்லை.

"ஐயோ, சிக்கிக்கிட்டேனே!"

குரங்கு கொம்பைப் பிடித்து இழுத்தது. பன்றி பின்னாலிருந்து முட்டியது. "ஏலேலோ ஐலசா!" பிடுங்கிக்கொண்டு பறந்த செம்பி, குப்பைத்தொட்டியின் மூடிமேல் பொத்தென்று விழுந்தாள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"அம்மாடி!" என்றாள் செம்பி, கண்கள் சொருக. "அகலமா, சில்லுனு... என்ன சுகம்! இனி என்னை யாரும் எழுப்பாதீங்க."

குரங்கின் கையில் வாழைப்பழத் தோல். தொட்டியோ பூட்டியிருந்தது, மேலே ஆடு வேறு. குரங்கு யோசித்துவிட்டுத் தோலை பெஞ்சுக் கம்பிகளுக்கு நடுவே முதல் தடுப்புக்குள் போட்டது. பன்றி கிழங்குத் தோலை அடுத்த தடுப்பில் போட்டது. மயில் உதிர்ந்த இறகுகளை மூன்றாவதில் போட்டது. சிந்தவில்லை, சிதறவில்லை.

"அடியே, இறங்குடி!" என்று கரடியார் கையை ஓங்கினார். அப்போதுதான் விழாவுக்குத் தாமதமாக வந்த புலிராஜா கைதட்டினார்.

"அடடா! குப்பையைத் தரம் பிரிச்சுப் போட நீளத் தொட்டி! பிள்ளைத்தாச்சிக்கு மேடை! யாருய்யா இந்த மூளைக்காரன்?"

ஓங்கிய கை அப்படியே கும்பிட்டது. "அடியேன்தான், ராஜா. ராப்பகலா யோசிச்சது."

எல்லாப் பாதைகளிலும் இதேபோல் அமைக்க உத்தரவானது. அன்று சாயங்காலமே செம்பி மூடிமேல் இரண்டு குட்டி போட்டாள். கரடியாருக்கு ராஜா போர்த்திய பொன்னாடையை அவளே மென்று தின்றாள்; பிள்ளை பெற்ற பசி. பெஞ்சில் 'இருக்கை' என்றும் தொட்டியில் 'குப்பை' என்றும் மாட்டியிருந்த பலகைகளை மட்டும் யாரும் இடம் மாற்றவில்லை. அதற்குத் தனி டெண்டர் விட வேண்டுமாம்.

நீதி: மக்கள் நலத்திட்டம் எதுவும் தோற்பதில்லை; அதை எதற்காகப் போட்டோம் என்பதைக் கடைசியில் முடிவு செய்தால் போதும்.